காயம்பட்ட வீரரைக் கைவிடலாமா?

இந்திய ஆடவர் டென்னிஸில் முதலிடத்தில் இருந்த ஒருவர், தன் வங்கிக் கணக்கில் மிஞ்சியிருப்பது 900 யூரோதான் என்று 2023 செப்டம்பரில் வெளிப்படையாகச் சொன்னார். அன்றைய மதிப்பில் அது ஏறத்தாழ 80 ஆயிரம் ரூபாய். சொன்னவர் சுமித் நாகல். 2021-ல் இடுப்பில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் அவர். தரவரிசையில் சரிந்ததும் ஒன்றிய அரசின் ‘டாப்ஸ்’ உதவித் திட்டத்திலிருந்து தான் விடுபட்டதாகவும், தன்னால் மீண்டு வர முடியும் என்று யாருமே நம்பவில்லை என்றும் அவர் ஆதங்கப்பட்டார்.

நான்கே மாதங்களில் அதற்குப் பதில் கிடைத்தது. 2024 ஆஸ்திரேலிய ஓபனில் தகுதிச் சுற்றில் ஆடி உள்ளே நுழைந்த நாகல், 31-ஆம் நிலை அளிக்கப்பட்டிருந்த அலெக்சாண்டர் பப்லிக்கை நேர் செட்களில் வீழ்த்தினார். 1989-ல் இதே போட்டியில் அன்றைய உலகின் முதல்நிலை வீரர் மேட்ஸ் விலாண்டரைச் சென்னையின் ரமேஷ் கிருஷ்ணன் தோற்கடித்த பிறகு, கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் தரநிலை பெற்ற ஒருவரை இந்திய ஆடவர் வென்றது அதுவே முதல்முறை. அடுத்த மாதம் சென்னை சேலஞ்சர் பட்டத்தையும் வென்று முதல் 100 பேருக்குள் வந்தார்; ஜூலையில் 68-ஆம் இடம் வரை உயர்ந்தார். அதோடு ஏற்றம் நின்றது. 2025-ல் அவர் முதல் 200 பேருக்கும் வெளியே போய்விட்டார். கைதட்டியவர்களில் பலர், ‘இவ்வளவுதான் இவர்’ என்று தீர்ப்பெழுதத் தொடங்கிவிட்டார்கள்.

சாம்பியன்களின் சரிவை அவர்களின் சொந்தத் தோல்வியாகப் பார்ப்பதும், சரிந்த மறுநாளே அரசும் சங்கங்களும் கையை விரிப்பதும் தவறு என்பது நம் உறுதியான கருத்து. உதவி எப்போது தேவையோ அப்போது அதை நிறுத்தும் திட்டம், திட்டமே அல்ல.

டென்னிஸ் தரவரிசை என்பது 52 வாரக் கணக்கு. இந்த வாரம் ஈட்டிய புள்ளிகள் அடுத்த ஆண்டு இதே வாரத்தில் கழிந்துவிடும். அதே அளவு மறுபடி ஈட்டினால்தான் இருக்கும் இடம் நிலைக்கும். நுங்கம்பாக்கம் மைதானத்தில் நாகல் வென்ற 100 புள்ளிகள் 2025 பிப்ரவரியில் அவர் கணக்கிலிருந்து இறங்கின. உடம்பு நன்றாக இருப்பவருக்கே இது ஓயாத ஓட்டம். முழங்காலோ தோள்பட்டையோ ஆறு மாதம் படுத்துவிட்டால், ஆடாமலே இடம் பறிபோகும். இடம் போனால் பெரிய போட்டிகளின் கதவு அடைபடும். பிறகு அடிமட்டப் போட்டிகளில் இருந்து தொடங்க வேண்டும். மொத்தப் பரிசே 15 ஆயிரம் டாலராக உள்ள அந்தப் போட்டிகளில், முதல் சுற்றில் தோற்பவர் கைக்கு வருவது 156 டாலர். அயலூர் விடுதி வாடகைக்கும் மட்டைக்கு ஸ்டிரிங் கட்டவுமே அது பற்றாது. ஒரே ஒரு பயிற்சியாளரோடு ஆண்டு முழுவதும் பயணம் செய்ய 80 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை ஆகிறது என்றும் நாகல் கணக்குச் சொன்னார். பிசியோதெரபிஸ்ட் செலவு அதில் சேரவில்லை. காயத்திலிருந்து எழுபவருக்கு முதலில் வேண்டியவரே அவர்தான்.

நம் மாநிலத்துக்காரரான பிரஜ்னேஷ் குணேஸ்வரனைப் பாருங்கள். முழங்கால் எலும்பில் திரும்பத் திரும்ப விழுந்த விரிசலால் தன் இருபதுகளில் பல ஆண்டுகளை இழந்த இடதுகை ஆட்டக்காரர் அவர். வேறொருவராக இருந்தால் மட்டையைப் பரணில் போட்டிருப்பார். அவரோ 2018 ஆசிய விளையாட்டில் ஒற்றையர் வெண்கலம் வென்றார். 2019 ஏப்ரலில் உலகின் 75-ஆம் இடத்தைத் தொட்டு, இந்தியாவின் முதல்நிலை வீரராக இருந்தார். அந்த ஒரே ஆண்டில் நான்கு கிராண்ட்ஸ்லாம்களிலும் முதன்மைச் சுற்றில் ஆடினார். நான்கிலும் முதல் சுற்றோடு வெளியேறினார் என்பதும் உண்மைதான். ஆனால் எதிரே நின்றவர்களில் ரவோனிச்சும் மெத்வதேவும் இருந்தார்கள். அதன் பிறகு மெல்ல இறங்கி, 2024 நவம்பரில் 35 வயதில் ஓய்வை அறிவித்தார். அவர் உச்சிக்குப் போனதே 29 வயதில். 25 வயதில் ‘போதும் இவரோடு’ என்று எல்லோரும் கணக்கை முடித்திருந்தால், இந்த வரலாற்றில் ஒரு வரிகூட எழுதப்பட்டிருக்காது.

இதற்கு மறுப்பு உண்டு. தோற்கிறவருக்கு மக்கள் வரிப்பணத்தைக் கொட்டுவதா, அந்தப் பணத்தில் பத்து இளைஞர்களை வளர்க்கலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். வயதின் காரணமாக, ஆட்டம் மங்கியதன் காரணமாகச் சரிகிறவரை அரசு காலமெல்லாம் சுமக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. காயத்தால் சரிந்தவரையும் ஆட்டத்தால் சரிந்தவரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்கிறோம். இந்த வேறுபாட்டை டென்னிஸின் விதிப்புத்தகமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. காயத்தால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் விலகியிருந்தவருக்கு, விலகிய காலத்தின் முதல் மூன்று மாத சராசரியைக் கொண்டு ‘காப்புத் தரவரிசை’ ஒன்று தரப்படுகிறது. திரும்பி வரும்போது குறிப்பிட்ட சில போட்டிகளில் அதைக் காட்டி நுழையலாம். பணம் புரளும் தொழில்முறைச் சுற்றுக்கு இருக்கும் இந்த ஈரம், மக்கள்நல அரசின் விளையாட்டுத் திட்டத்துக்கு இருக்கக் கூடாதா?

மூத்தவர் வழியை அடைக்கிறார் என்ற வாதமும் முழு உண்மை இல்லை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ரமேஷ் கிருஷ்ணனுக்கு வயது 31. உலகத் தரவரிசையில் 23-ஆம் இடத்தில் இருந்த காலம் கடந்துபோயிருந்தது. இளைஞர் லியாண்டர் பயஸோடு சேர்ந்து இரட்டையர் காலிறுதிவரை போனார். மறு ஆண்டு பிரான்சை அதன் மண்ணிலேயே வீழ்த்தி இந்தியா டேவிஸ் கோப்பை அரையிறுதிக்குப் போனபோதும் இருவரும் அணியில் இருந்தார்கள். 1996-ல் பயஸ் அட்லாண்டாவில் வெண்கலம் வென்றார். இறங்குமுகத்தில் இருக்கும் மூத்தவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வது, எந்தப் பயிற்சி முகாமிலும் கிடைக்காத பாடம்.

உச்சியில் இருந்தவர் இறங்கினால் மதிப்புப் போய்விடும் என்று நம்புகிறவர்கள் திண்டிவனம் அருகே உள்ள ஓமந்தூருக்கு ஒருமுறை வரட்டும். 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், சொந்தக் கட்சிக்காரர்களே எதிராகத் திரும்பியதால் பதவியிழந்தவர். பிறகு வடலூருக்குப் போய் வள்ளலார் வழியில் தொண்டில் இறங்கினார். கோயில் நுழைவுக்கும் ஜமீன் ஒழிப்புக்கும் அவர் ஆட்சியில் வந்த சட்டங்கள் நின்றன. அவர் பெயரும் நின்றது. பதவி வேறு, மனிதரின் தகுதி வேறு என்பது இந்த மண்ணுக்குப் புதிய செய்தி இல்லை. விளையாட்டு வீரர் விஷயத்தில் மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

டென்னிஸ் ஏதோ பட்டணத்துப் பணக்காரர் ஆட்டம், நமக்கென்ன என்று விழுப்புரம் மாவட்டத்து வாசகர்கள் இதைக் கடந்துபோக வேண்டாம். இங்கே கபடியும் கைப்பந்தும் ஆடும் பிள்ளைகள் நிறைய. ஒரு மாணவிக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்தால், அன்றோடு அவள் விளையாட்டு முடிந்தது என்றுதான் வீட்டில் முடிவுகட்டுகிறார்கள். ஸ்கேன் எடுக்க, அறுவைச் சிகிச்சைக்கு, அதன்பின் பல மாதப் பயிற்சிக்கு என்று அலையும் வசதி கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு ஏது? நாட்டின் முதல்நிலை வீரருக்கே கிடைக்காத கைத்தாங்கல், இந்தப் பிள்ளைக்கு எங்கிருந்து கிடைக்கும்?

தமிழக அரசு செய்ய வேண்டியவை சில உண்டு. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ‘எலைட்’, ‘மிம்ஸ்’ திட்டங்களில் இருப்பவர் காயம்பட்டால், தரவரிசையைப் பார்க்காமல் இரண்டு ஆண்டுகளுக்கு உதவி தொடரும் என்று விதியில் எழுத வேண்டும். காயத்தின் உண்மையைச் சங்க நிர்வாகிகள் முடிவு செய்யக் கூடாது. அரசு மருத்துவர் குழு முடிவு செய்ய வேண்டும். ஓமந்தூராரின் பெயரைத் தாங்கி நிற்கும் சென்னைப் பன்னோக்கு மருத்துவமனை அதற்குப் பொருத்தமான இடம். மாவட்ட அளவில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் விளையாட்டுக் காயங்களுக்கு வாரம் ஒரு நாளாவது தனிச் சிகிச்சை நேரம் ஒதுக்க வேண்டும். இரண்டு ஆண்டு கழிந்தும் மீள முடியாதவரை நடுத்தெருவில் விடாமல், பயிற்சியாளர் படிப்புக்கு அனுப்பிப் பணியும் தர வேண்டும். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் இவர்களுக்கும் இடம் இருக்கட்டும். உதவி பெறுவோர் பட்டியலும் தொகையும் ஆண்டுதோறும் வெளியிடப்பட்டால், வேண்டியவர், வேண்டாதவர் என்ற புகாருக்கும் வழியிருக்காது.

பதக்கம் வென்றவருக்கு மேடையில் காசோலை கொடுப்பது எளிது. படம் பத்திரிகையில் வரும். அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருப்பவருக்கு மாதாமாதம் தவறாமல் உதவித்தொகை போவதில் படம் எடுக்க ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த பதக்கம் அங்கிருந்துதான் வர வேண்டியிருக்கிறது. வரும் நிதிநிலை அறிக்கையிலேயே இதற்குத் தனி நிதி ஒதுக்கி அரசு தொடங்கிவைக்க வேண்டும்.