மலைக்குளிரில் கத்தரிச் சாகுபடி

மயிலாப்பூர் தண்ணீர்த்துறை மார்க்கெட்டில் உதகைக் காரட்டும் சமவெளிக் கத்தரிக்காயும் அருகருகே விற்பதைக் கண்டு, இரண்டையும் ஒரே மலைத்தோட்டத்தில் விளைவிக்கலாமென்று கருதுவோர் உளர். நமது அபிப்பிராயத்தில் அது கைப்பொருளை இழக்கும் வழியாகும்.

கத்தரி உஷ்ணத்தை விரும்பும் பயிர். பகலில் 21 முதல் 30 செல்ஷியஸ் டிகிரி வரை வெப்பம் இருப்பின் செழித்து வளரும். 17க்குக் கீழ் நெடுநாள் நிற்குமாயின் வளர்ச்சி குன்றும், மகரந்தமும் பழுதுறும். உதகமண்டலமோ கடல் மட்டத்திற்குமேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ளது. மார்கழி, தை மாதங்களில் அங்கு உறைபனி விழும். ஓரிரவுப் பனியே செடியைக் கருக்கப் போதுமானது. பனிக்கு முன்னரே பூக்கள் காய் பிடியாமல் உதிரத் தொடங்கும். இதனை உரக்குறைவென்றெண்ணி யூரியாவைக் கொட்டுவோர் பலர். இலை தழைக்குமேயன்றிக் காய் காணாது.

ஹாலந்து தேசத்தார் கண்ணாடி வீடுகளுக்கு வெப்பமூட்டிக் கத்தரி விளைவிப்பது மெய்யே. அவர்களுக்கு அண்மையில் ஒரு மேட்டுப்பாளையம் இல்லை! சில மணி நேரத்தில் சமவெளிக் காய் லாரியில் மலையேறி வந்துவிடும் நமக்கு, அத்தகைய கூடாரச் செலவைக் கத்தரியின் விலை தாங்காது. அந்நிலத்தில் முட்டைக்கோஸும் காரட்டும் இடுவதே உசிதம்.

வீட்டுக்கு நாலு செடி வேண்டுவோர், சமவெளியில் வளர்த்த நாற்றைத் தருவித்து, மாசிக் கடைசியில் வெயில் படும் சுவரோரம் நடலாம். குளிர்காற்று தங்கும் பள்ளம் ஆகாது. கிராம அதிகாரிகளும், கத்தரி விதை வாங்கப் புறப்படுவோரிடம் நிலத்தின் உயரத்தை முதலில் விசாரிப்பார்களாக. 1,000 மீட்டருக்குக் கீழான சரிவுகளில் இத்தடை பெரும்பாலும் இராது.