மாதத்தில் ஒரு நாள்

ஆசிரியர்களின் உற்சாகம் பற்றிய பேச்சு செப்டம்பர் 5-ஆம் தேதி காலையில் ஆரம்பித்து அன்று மாலையே ஓய்ந்துவிடும். மாலை, சால்வை, விருது, 'தன்னலமற்ற சேவை' என்று ஒரு உரை. விருது வாங்காத ஆசிரியர் மறுநாள் அதே வகுப்பறைக்குப் போய் பதினெட்டாவது முறையாக ஒளிச்சேர்க்கையை நடத்த வேண்டும்.

இந்தத் தொழிலின் விசித்திரம் அது. ஆறாம் வகுப்புக்கு எப்போதும் பதினொரு வயதுதான். வயதாவது ஆசிரியருக்கு மட்டும். முதல் வருடம் இரவெல்லாம் கண்விழித்துத் தயாரித்த குறிப்பு பத்தாவது வருடத்தில் மனப்பாடமாகிவிடுகிறது. இருபதாவது வருடத்தில் மாணவன் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்து விழுகிறது. யார் எங்கே தப்புப் போடுவார்கள், எந்த ஜோக்குக்குச் சிரிப்பார்கள் என்பதுகூட முன்பே தெரியும். இதற்கு அனுபவம் என்று பெயர். சலிப்பு உள்ளே நுழைவதும் பெரும்பாலும் இதே வாசல் வழியாகத்தான். சம்பளம், பணிச்சுமை, இடமாற்றம் எல்லாம் நியாயமான காரணங்களே. ஆனால் இவையெல்லாம் ஒழுங்காக இருக்கும் பள்ளிகளிலும் அலுத்துப்போன ஆசிரியர்களுக்குக் குறைவில்லை.

வழக்கமான வைத்தியம், ஆசிரியரின் மனசாட்சியைத் தட்டி எழுப்புவது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (2022 முதல் அதன் பெயர் நர்மதாபுரம்) வேறொன்றைச் செய்து பார்த்தார்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தை விட்டு வந்த அனில் சத்கோபாலின் கிஷோர் பாரதி அமைப்பும், ரசூலியாவில் இருந்த பிரண்ட்ஸ் ரூரல் சென்டரும் சேர்ந்து 1972-ல் 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில் அறிவியல் பாடத்தை மாற்றி அமைக்க அனுமதி பெற்றன. 1978-ல் திட்டம் மாவட்டம் முழுக்கப் பரவியது. 1982-ல் தொடங்கப்பட்ட ஏகலவ்யா நிறுவனம் பிறகு அதை ஏற்று நடத்தியது.

இந்தத் திட்டம் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் குழந்தைகள் செய்த சோதனைகளைப் புகழ்ந்தார்கள். ஆசிரியர்களுக்கு நேர்ந்தது அதைவிடச் சுவாரஸ்யமானது. அவர்களில் பலர் கல்லூரியில் அறிவியல் படிக்காதவர்கள். 'பால் வைஞானிக்' என்ற புதிய புத்தகத்தைப் பிரித்தால் அதில் சோதனைகளும் கேள்விகளும் இருந்தன, பதில் இல்லை. மனப்பாடம் செய்ய ஒரு வரையறைகூடக் கிடையாது. கோடை விடுமுறையில் மூன்று வாரப் பயிற்சி. அங்கே ஆசிரியர்கள் மாணவர்களைப்போல நான்கு நான்கு பேராக உட்கார்ந்து, வகுப்பில் நடத்தப்போகும் சோதனைகளைத் தாங்களே செய்தாக வேண்டும். பல்கலைக்கழகங்களிலிருந்து வந்த விஞ்ஞானிகள் கூடவே உட்கார்ந்தார்கள். ஒரு கேள்விக்கு விடை தெரியாதபோது 'தெரியவில்லை, பார்க்கலாம்' என்று அவர்களே சொன்னார்கள். நம் ஊர்களில் வாத்தியாருக்குத் தெரியாதது இருக்கலாம், ஆனால் அது வெளியே தெரியக் கூடாது என்பதுதானே மரபு.

ஒரு சாதாரண உதாரணம், நீளத்தை அளப்பது. ஒரே மேசையை நாற்பது பிள்ளைகள் அளந்தால் நாற்பது பேருக்கும் ஒரே விடை வராது. பழைய முறையில் ஆசிரியர் ஒன்றைச் சரி என்பார், மற்றவை தப்பு. புதிய பாடமோ ஏன் வித்தியாசம் வருகிறது என்று கேட்டது. ஸ்கேலின் முனை தேய்ந்திருந்ததா, கண்ணைச் சாய்த்துப் பார்த்தார்களா, மேசையின் விளிம்பே நேராக இல்லையா? இந்தக் கேள்விக்கு ஆசிரியரின் பழைய நோட்டில் பதில் இருக்க முடியாது. போன வருடத்துப் பிள்ளைகள் அளந்தது வேறு, இந்த வருடத்துப் பிள்ளைகள் அளப்பது வேறு. பதினெட்டாவது முறை நடத்தும்போதும் பாடம் எங்கே போய் நிற்கும் என்பது ஆசிரியருக்கு முழுதாகத் தெரியாது.

இப்படிப்பட்ட வகுப்பைத் தனியாக நடத்துவது பயமுறுத்தும் வேலை. அதனால்தான் மாதாந்திரக் கூட்டம். சுற்றுவட்டாரப் பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்கள் மாதத்தில் ஒரு நாள் ஓரிடத்தில் கூடுவார்கள். எந்தச் சோதனை சொதப்பியது, எந்த மாணவி யாராலும் பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்டாள் என்று பேச்சு நடக்கும். அடுத்து வரும் பாடத்தைச் செய்து பார்ப்பார்கள். கூட்டத்துக்கு வருவதை அரசு பணி நேரமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு பயணப்படியும் தந்தது. படிக்காகவே வந்தவர்கள் இருந்திருப்பார்கள். அதில் என்ன குறை? வந்து உட்கார்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தேர்ந்த ஆசிரியர்கள் மற்ற பள்ளிகளுக்குப் போய்ப் பார்த்தார்கள், பயிற்சியும் அளித்தார்கள். புத்தகத்தைத் திருத்தி எழுதுவதிலும், புத்தகத்தைப் பார்த்தே எழுதும் தேர்வுக்குக் கேள்விகள் தயாரிப்பதிலும் அவர்களுக்குப் பங்கு இருந்தது. மேலிருந்து வரும் பாடத்தை ஒப்பிக்கிறவராக இல்லாமல் பாடத்தின் சொந்தக்காரர்களில் ஒருவராக ஆனவருக்கு அலுப்புத் தட்டச் சற்று நாளாகும்.

எல்லோரும் மாறிவிடவில்லை. உடைந்தால் யார் கணக்குச் சொல்வது என்று சோதனைப் பெட்டியைப் பூட்டி வைக்கிற தலைமையாசிரியர்கள் நாடெங்கும் உண்டு. 1978-ல் டெல்கோவிலிருந்து விடுப்பில் வந்த பொறியாளர் அர்விந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் ட்யூபையும் வைத்து மாதிரிகள் செய்ய ஆரம்பித்தது இங்கேதான். சந்தையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பொருளுக்கு ஸ்டாக் ரெஜிஸ்டர் தேவையில்லை.

2002-ல் மாநில அரசு திட்டத்தை நிறுத்தியது. புத்தகம் போயிற்று என்று வருந்தியவர்கள் அதிகம். புத்தகத்தைத் திரும்ப அச்சடித்துவிடலாம். முப்பது ஆண்டுகளாகக் கூடிப் பழகிய கூட்டத்தை அப்படி அச்சடிக்க முடியாது.

இப்போது பயிற்சிக்குப் பஞ்சமில்லை. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் தொழில் மேம்பாட்டுப் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. 2019-ல் தொடங்கிய நிஷ்டா பயிற்சி, கொரோனாவுக்குப் பிறகு செல்போனுக்குள் வந்துவிட்டது. வீடியோ ஓடும், கேள்விக்கு டிக் அடித்தால் சான்றிதழ் வரும். ஐம்பது மணி நேரத்தைக் கணக்குக் காட்டுவது சுலபம். ஆனால் செல்போனிடம் போய் 'நேற்று என் வகுப்பில் சோதனை சரியாக வரவில்லை' என்று சொல்ல முடியாது. பக்கத்தில் சொல்ல ஆளாவது உண்டா என்றால், 2023-24-ல் நாட்டில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பள்ளிகளில் ஆசிரியர் ஒரே ஒருவர்தான்.

1990-களில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் வந்தபோது உருவான தொகுப்பு வள மையங்கள் இன்னும் இருக்கின்றன. இந்த ஒற்றை ஆசிரியர்கள் மாதத்தில் ஒரு நாள் சந்திப்பதற்காகவும்தான் அவை ஏற்பட்டன. பல இடங்களில் அந்த நாள் படிவம் கொடுப்பதிலும் புள்ளிவிவரம் வாங்குவதிலும் கழிந்துவிடுகிறது. அறை இருக்கிறது, ஆசிரியர்களும் வந்துவிடுகிறார்கள். படிவங்களை மதியத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, காலையில் முதலில் யாருடைய வகுப்பில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். அதைக் கேட்கும் அதிகாரி எந்த வட்டாரத்தில் இருக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் இன்று ஆசிரியரின் பதினெட்டாவது வருடம் அமைகிறது.