ஒஸ்லோவின் ரோபோக்களும் எங்கள் முதியோரும்

ஒஸ்லோவுக்குத் தெற்கே, மொஸ் நகரில் வளர்ந்த 1எக்ஸ் நிறுவனம், வீட்டுவேலைக்கான 'நியோ' என்ற மனித உருவ ரோபோவுக்கு 2025 ஒக்ரோபரில் முன்பதிவு தொடங்கியது. விலை 20,000 டொலர். அதற்குத் தெரியாத வேலை என்றால், நிறுவன ஊழியர் ஒருவர் எங்கோ இருந்தபடி அதன் கண்வழியே பார்த்து இயக்குவார். செய்தி உலகெங்கும் பரபரப்பானது. எங்கள் குடும்பங்களுக்கு அதைவிட முக்கியமானவை சில சின்ன இயந்திரங்கள்.

2015 இல் ஒஸ்லோவில் தொடங்கப்பட்ட 'நோ ஐசொலேஷன்' நிறுவனத்தின் 'ஏவி1' ரோபோ, நீண்டகால நோயால் பாடசாலைக்குப் போகமுடியாத பிள்ளையின் மேசையில் இருக்கும். கட்டிலில் கிடக்கும் பிள்ளை கைபேசியாலோ ரப்லெட்டாலோ அதன் தலையைத் திருப்பி வகுப்பைப் பார்க்கலாம், கதைக்கலாம். கை உயர்த்தினால் தலையில் விளக்கு மின்னும். வகுப்பிலுள்ளவர்களுக்குப் பிள்ளையின் முகம் தெரியாது. மருந்தால் முடி கொட்டிய பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி! இந்த ரோபோ தானாக எதையும் பேசுவதில்லை. அதற்குள்ளிருந்து பேசுவது பிள்ளைதான்.

அதே நிறுவனம் முதியோருக்காகச் செய்தது 'கொம்ப்'. பழைய தொலைக்காட்சி போன்ற தோற்றம், ஒரே ஒரு திருகி. பேரப்பிள்ளைகள் கைபேசியிலிருந்து அனுப்பும் படங்கள் தானாக வரும். வீடியோ அழைப்புக்கு எதையும் அழுத்தத் தேவையில்லை. (எங்கள் அம்மம்மாக்களுக்கு வட்ஸ்அப்பே போதும் என்பீர்கள். கை நடுங்கும் வரைக்கும் போதும்.)

மூன்றாவது, ஜப்பானின் 'பாரோ' என்ற கடல்நாய்க்குட்டி ரோபோ. தடவினால் தலையசைக்கும், முனகும். நோர்வேயின் 10 பராமரிப்பு இல்லங்களில், மறதிநோயுள்ள 60 பேருடன் நடந்த ஆய்வு 2015 இல் வெளியானது. 12 வாரங்கள், வாரம் இருமுறை, சிறு குழுவாகப் பாரோவுடன் இருந்தவர்களிடம் பின்னர் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. ஆனால் ஒப்பிடப்பட்டவர்களுக்குக் கிடைத்தது வழக்கமான பராமரிப்பு மட்டுமே. பாரோ குழுவோடு ஒரு பராமரிப்பாளரும் கூடவே இருந்தார். ஆற்றியது கடல்நாயா, வட்டமாகக் கூடியிருந்த அந்த அரைமணி நேரமா? எனக்கு இரண்டாவதன் மீதுதான் சந்தேகம் அதிகம்.

எண்பதுகளில் மக்கள் உயர்பாடசாலை விசாவில் வந்து, பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் நின்று உழைத்தவர்கள் இப்போது ஓய்வூதிய வயதில் இருக்கிறார்கள். மறதிநோய் வந்தால், பிந்திக் கற்ற மொழி பெரும்பாலும் முதலில் நழுவும். நோர்வேஜிய மொழி போய் யாழ்ப்பாணத் தமிழ் மட்டும் மிஞ்சியவரிடம் நோர்வேஜிய மொழியில் கதைக்கும் ரோபோவால் பயனில்லை. மொழியே தேவைப்படாத பாரோ தற்காலிக ஆறுதல் தரலாம். "தமிழ் பேசும் ரோபோ வந்துவிடும்" என்பவர்களும் உண்டு. வரட்டும். ஆனால் அதைக் காரணம் காட்டி, தமிழ் தெரிந்த பராமரிப்பாளர் தேவையில்லை என்று எந்தக் கொம்யூனவும் சொல்ல நாங்கள் இடம் கொடுக்கக்கூடாது.

2022 இல் நடைமுறைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் சட்டம், தேவையானபோது தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரைப் பயன்படுத்தும் கடமையைப் பொது நிறுவனங்களுக்கு விதிக்கிறது. மருத்துவரைச் சந்திக்கும்போது அது உதவும். பின்னேரம் தேத்தண்ணி கேட்கும் அம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளர் வரப்போவதில்லை. ஆகவே பராமரிப்புக்கு விண்ணப்பிக்கும் நாளிலேயே, தாய்மொழி தெரிந்த ஊழியர் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். பெற்றோர் தெளிவாக இருக்கும்போதே, எந்த இயந்திரத்துக்குச் சம்மதம், எதற்கு இல்லை என்றும் அவர்களிடமே கேட்டு வையுங்கள்.