குதிரை போன வழியும் சேரி இருந்த இடமும்

தொண்டூரில் நாங்கள் நடத்தும் இரவுப் பள்ளியில் பதினேழு பிள்ளைகள். அத்தனையும் சேரிப் பிள்ளைகள். 'பொன்னியின் செல்வன்' 2022-லும் 2023-லும் இரண்டு பாகமாகப் படமாக வந்ததிலிருந்து அதுங்க வாயில் வந்தியத்தேவன்தான். "அண்ணே, அவரு குதிரையில போன வழியில நம்மளும் ஒருவாட்டி போயி வரலாமாண்ணே" என்று ஒரே நச்சரிப்பு. செஞ்சிப் பக்கத்து இலக்கிய அன்பர் ஒருவர் வேன் செலவைத் தாமே ஏற்பதாகச் சொன்னார். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார். "நம்ம பெருமையச் சொல்லிக் குடுங்க தம்பி. அங்கியும் போயி சாதிய இழுக்காதீங்க."

பிள்ளைகளைக் கூட்டிப் போகுமுன் வழியை ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று போன ஆடியில் நான் மட்டும் பஸ் ஏறினேன். பையில் நாவலின் ஐந்து பாகமும் ஒரு நோட்டும். ஒன்பது நாள் அலைந்து திரும்பியதும் அன்பரிடம் போய் வேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம். "நல்ல காரியத்தக் கெடுக்கறீங்க" என்றார். ஏன் வேண்டாம் என்றேன் என்பதற்கான பதில்தான் இது. அவருக்கு மட்டுமில்லை, அவரைப் போலப் பேசுகிற எல்லோருக்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் இந்த நாவல் பிடிக்கும். பள்ளிக்கூட லீவில் சோறு தண்ணி மறந்து படித்தவன்தான் நானும். ஏரியும் ஆறும் காற்றும் கல்கியின் கையில் உயிர் பெறுவதை மறுக்க நான் யார்? ஆனால் "கதைதானே, அதில் போய்ச் சேரியைத் தேடலாமா" என்கிறவர்களிடம் கேட்கிறேன். கதைதான் என்றால் ஊர் ஊராகப் போய் இங்கேதான் அவன் நின்றான், இங்கேதான் ஆற்றைக் கடந்தான் என்று ஏன் காட்டுகிறீர்கள்? இடத்தைக் காட்ட வரும்போது அது வரலாறு, ஆளைக் கேட்டால் மட்டும் கற்பனையா?

வந்தியத்தேவன் காஞ்சியிலிருந்து வீராணம் வரைக்கும் வந்த நெடுவழி நாவலின் தொடக்கத்தில் காட்சியாக வருவதில்லை. கதை திறக்கும்போதே குதிரை ஏரிக்கரையில் நிற்கிறது. விட்டுப்போன அந்த நடுநாட்டில்தான் நாங்கள் இருக்கிறோம். எங்கள் தொண்டூர்க் குன்றில் சமணத் துறவிகளுக்குச் செதுக்கிய கற்படுக்கைகள் இருக்கின்றன, தமிழி எழுத்துக் கல்வெட்டும் இருக்கிறது. சோழ ராஜாக்களுக்கெல்லாம் பல நூறாண்டு முன்னாலேயே இந்த வழியில் மனுசர்கள் நடந்திருக்கிறார்கள். ஆனால் யாரும் வேன் வைத்துப் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகச் சொல்வதில்லை. செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது, மகிழ்ச்சி. கல் சுமந்தவன் எந்தப் பட்டியலில் இருக்கிறான் என்று மட்டும் கேட்கக் கூடாது.

விழுப்புரத்தில் பஸ் மாறினேன். 1978 ஜூலையில் பன்னிரண்டு தலித்துகளைக் கொன்ற ஊர் அது. அதே மாவட்டத்து மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் நம் சனம் நுழைந்ததற்காக எழுந்த தகராறில் 2023 ஜூனில் கோயிலையே பூட்டி முத்திரை வைத்தார்கள். கதவைத் திறக்க நீதிமன்றம் வர வேண்டியிருந்தது. வந்தியத்தேவனுக்கு இந்த வழியில் எந்தக் கதவும் அப்படிச் சாத்தப்பட்டதில்லை.

வீராணத்தில் ஆடிப்பெருக்குக் கூட்டம். நாவல் தொடங்குவதும் அந்த நாளில்தான். கரையில் ஒரு சுற்றுலாக் கும்பலுக்கு வழிகாட்டி ஒருவர் ஏரியின் நீளத்தையும் ராஜாதித்தன் படை அதை வெட்டிய கதையையும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு அம்மா கேட்டார்: "படையில இருந்தவங்கதான் மண்ணு சுமந்தாங்களா?" வழிகாட்டி சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். தமிழ்நாட்டு ஏரிப்பாசன ஊர்களில் மடை திறக்கவும் அடைக்கவும் கரையைக் காக்கவும் நீர்க்கட்டியாக நின்றவர்களில் பெரும்பாலோர் யார்? நம் ஆட்கள். ஏரி யாருடைய பெருமை என்று பேசும்போது மடையில் ராத்திரி முழுக்க நின்றவன் பேர் வருவதில்லை.

ஏரியை ஒட்டியது காட்டுமன்னார்கோயில். நாவலில் ஆழ்வார்க்கடியான் சமயச் சண்டை போடும் இடம். சைவனும் வைணவனும் அத்வைதியும் கட்டிப் புரள்கிறார்கள். நமக்கு அந்தச் சண்டையில் இடமே இல்லை, வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு எந்தச் சாமி பெரிசாக இருந்தால் என்ன? இந்த மண்ணில் பிறந்தவர்தான் எல்.இளையபெருமாள். பள்ளியில் தலித் பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த தனிப்பானையை உடைத்த சிறுவன். வளர்ந்து, நாடு முழுதும் தீண்டாமையை விசாரித்த குழுவுக்குத் தலைவராகி 1969-ல் அறிக்கை கொடுத்தவர். ஒரு ராஜகுமாரனின் ஓலையைச் சுமந்துபோன ஒற்றனுக்கு வழித்தடம் இருக்கிறது. இந்திய நாட்டின் சேரிகளையெல்லாம் சுற்றி வந்தவரின் வழித்தடம் எங்கே?

பக்கத்திலேயே உடையார்குடி. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் பெயர்களைச் சொல்லும் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. பிரம்மாதிராஜன் பட்டம் பெற்ற பார்ப்பன அதிகாரிகள் அவர்கள். நாவலில் ரவிதாசன் பாண்டிய நாட்டு மந்திரவாதி ஆகிவிடுகிறான். அதைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள், விடுங்கள். கல்வெட்டு பேசுவது அவர்களும் உறவினர்களும் இழந்த நிலத்தைப் பற்றி. தலையை வாங்கியதாக அதில் ஒரு வரி கிடையாது. இதே காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஆதனூரைத்தான் நந்தனின் ஊர் என்று சொல்கிறார்கள். கோயில் முரசுக்குத் தோலும் வீணைக்கு நரம்பும் கொடுத்த பறையன் நந்தன். தில்லையில் சாமி பார்க்க ஆசைப்பட்டான், தீயில் இறங்க வேண்டியிருந்தது. பெரிய புராணம் அதை அருள் என்கிறது. இளவரசனைக் கொன்றதற்கு நிலம் போனது, சாமி பார்க்க நினைத்ததற்கு உடம்பே போனது. இரண்டும் ஒரே வட்டாரம். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் பிள்ளைகளுக்கு நான் என்ன பெருமையைச் சொல்லிக் கொடுக்க?

கடம்பூரில் வந்தியத்தேவனைக் கோட்டைக் காவலர்கள் தடுக்கிறார்கள். அவன் அடித்துப் பிடித்து நுழைகிறான். மேலிருந்து நண்பன் கந்தமாறன் பார்த்துவிடுகிறான், எல்லாம் சரியாகிவிடுகிறது. வாணர் குலத்து வாலிபன், போன இடமெல்லாம் அந்தக் குலமே அவனுக்குச் சீட்டு. நானும் ஒரு ஊரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பெரியவர் ஒருவர் அன்பாகத்தான் பேச்சுக் கொடுத்தார்.

"எந்த ஊரு தம்பி?"

"செஞ்சிப் பக்கம் தொண்டூருங்க."

"ஊருலியா, காலனியிலியா?"

சொன்னேன். அதன் பிறகு அவர் புத்தகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுப்பதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. ஆவணத்தில் இருந்து எடுக்கலாம். அந்த நாக்கிலிருந்து யார் எடுப்பது? குதிரை என்கிறோமே, 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவனின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதுதான் காரணம், சாதியைச் சொல்லித்தான் வெட்டினார்கள் என்று குடும்பத்தார் சொன்னார்கள். எங்கள் இரவுப் பள்ளிப் பிள்ளைக்குக் குதிரைமேல் ஆசை வருவதில் தப்பில்லை. அந்த ஆசைக்கு இந்த நாட்டில் என்ன விலை என்பதை மறைத்துக் கூட்டிப் போவதுதான் தப்பு.

அணைக்கரையில் கொள்ளிடம் தாண்டிக் கும்பகோணம், பிறகு தஞ்சாவூர். பெரிய கோயில் வாசலில் கூட்டம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. 1010-ல் முடிந்த கோயில். அதன் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அச்சாகி எத்தனையோ காலம் ஆகிறது. கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரி இல்லாத நிலங்கள் எவை என்று கணக்கு வருகிறது. ஊர் நத்தம், குளம், வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு, தனியாகப் பறைச்சுடுகாடு. ஆயிரம் வருசத்துக்கு முந்தின கல்லில் 'தீண்டா' என்ற சொல் வெட்டியிருக்கிறது. நான் வெட்டவில்லை. இதைத்தான் அன்பர் "சாதிய இழுக்காதீங்க" என்கிறார். இழுத்து வந்து கோயில் சுவரில் ஒட்டியது நானா?

கல்கி அறியாதவர் இல்லை. ஓவியர் மணியத்தோடு இலங்கை வரைக்கும் போய்ப் பார்த்து எழுதியவர், சோழர் வரலாற்றைத் தேடிப் படித்தவர். தீண்டாமையை ஒழித்ததாகச் சொல்லும் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரியில். தொடர் தொடங்கியது அதே வருசம் அக்டோபரில். அரண்மனைச் சுரங்கம் வரைக்கும் புகுந்து பார்த்த அந்தக் குதிரைக்காரன் கண்ணில், வழியில் இருந்த ஒரு தீண்டாச்சேரியும் கதையைத் திருப்புகிற இடமாகப் படவில்லை. தஞ்சாவூரில் அவனுக்கு அடைக்கலம் கொடுப்பவன் பூமாலை கட்டும் சேந்தன் அமுதன். எளியவன், நல்லவன். கடைசியில் அவன் சிம்மாசனம் ஏறுகிறான். நம்மில் பலர் அங்கேதான் கண் கலங்கினோம். ஆனால் ஏறுமுன் என்ன நடக்கிறது? அவன் கண்டராதித்தரின் ரத்தம் என்று நிரூபணம் ஆகிறது! பூக்கட்டுகிறவன் பூக்கட்டுகிறவனாகவே ராஜா ஆக அந்தக் கதையில் வழி கிடையாது. ரத்தம் சாட்சி சொன்னால்தான் நாற்காலி. இது சாதியின் இலக்கணம் இல்லாமல் வேறென்ன?

தஞ்சாவூரிலிருந்து அவன் தப்பிப் பழையாறை போய், அங்கிருந்து கோடிக்கரைக்குக் குதிரையை விரட்டுகிறான். நான் கிழக்கே மயிலாடுதுறை சுற்றிப் போனேன். வழுவூர் பக்கத்தில் திருநாள்கொண்டச்சேரி. 2016 ஜனவரியில் ஒரு தலித் முதியவரின் உடலைப் பொதுப்பாதையில் கொண்டுபோகலாம் என்று உயர் நீதிமன்றமே சொன்னது. போலீஸே உடலை எடுத்து வேறு வழியில் கொண்டுபோய்ப் புதைத்தது. கல்வெட்டில் தனிச் சுடுகாடு, நம் காலத்தில் அதற்குத் தனிப்பாதை. ஆயிரம் வருசத் தொடர்ச்சி என்று மேடையில் மார்தட்டுகிறார்களே, இதுவும் அந்தத் தொடர்ச்சிதான்.

பிறகு வெண்மணி. 1968 டிசம்பர் 25. கூலி கேட்டவர்களின் குடிசையில் நாற்பத்து நான்கு பேர் எரிந்தார்கள், பெண்களும் குழந்தைகளுமே அதிகம். உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. பெரும் நிலக்காரர்கள், அதில் ஒருவர் காரே வைத்திருப்பவர், தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்களா என்று தீர்ப்பு சந்தேகப்பட்டது. நினைவிடத்தின் முன்னால் நின்று இதை நினைத்தபோதுதான் என் பயணத்துக்கே பொருள் புரிந்தது. காரில் போகிறவனை நீதி நம்புகிறது, குதிரையில் போகிறவனைக் கதை பின்தொடர்கிறது. நடந்து போகிறவன் இரண்டிலும் குற்றவாளியாகவோ கூட்டமாகவோதான் வருகிறான். கோடிக்கரை வரைக்கும் போய்க் கடலைப் பார்த்தேன். இலங்கைக்குத் துடுப்புப் போட்டு அவனைக் கொண்டுபோய் விட்டவள் பூங்குழலி. வழித்தடத்துக்கு மட்டும் அவன் பெயர்.

திரும்பும்போது சிதம்பரத்தில் இறங்கினேன். நந்தனார் பள்ளி முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். சுவாமி சகஜானந்தர் 1916-ல் தொடங்கியது. அவர் பிறந்தது ஆரணிப் பக்கத்தில், 1890-ல். படித்தது எங்களுக்குப் பக்கத்திலுள்ள திண்டிவனத்தில், மிஷன் பள்ளியில். தொண்டை மண்டலத்திலிருந்து தெற்கே கிளம்பி வந்த பறையர் வீட்டுப் பிள்ளை. கையில் மோதிரம் இல்லை, குலப்பெயர் இல்லை, ரகசிய ஓலை இல்லை. நந்தனை நெருப்பில் இறக்கிய ஊரிலேயே நந்தன் பேரில் பள்ளிக்கூடம் வைத்தார். அதில் படித்து வெளியே வந்தவர்கள் எத்தனை குடும்பத்தைக் கரையேற்றியிருப்பார்கள்! நான் ஒன்பது நாளாகத் தேடிய வழி இதுதான். வேறொருவன் குதிரையின் குளம்படியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்ததால் கண்ணில் படவில்லை.

அதனால் அன்பரே, வேன் வேண்டாம். நாவலைப் பிள்ளைகள் படிக்கட்டும், நானே படித்துக் காட்டுவேன். பெரிய கோயிலையும் பார்க்கட்டும், அந்தச் சுவரில் எந்தச் சொல் இருக்கிறது என்பதையும் சேர்த்து. ஆனால் நாங்கள் போகும் வழி திண்டிவனத்தில் தொடங்கும். சிதம்பரம் நந்தனார் பள்ளி, காட்டுமன்னார்கோயில், ஆதனூர், தஞ்சாவூர், வெண்மணி. செலவுக்கு சேரியில் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் ஆரம்பித்தாயிற்று. படிக்கிற தோழர்கள் அவரவர் ஊரிலிருந்து இப்படி ஒரு வழியை எழுதுங்கள். யார் நடந்தார், எங்கே தடுத்தார்கள், எங்கே தடையை உடைத்தார் என்று. அதை நாமே எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை.

இரவுப் பள்ளியில் இதைச் சொன்னபோது ஒரு பொடியன் கேட்டான்: "அப்போ குதிர கெடையாதாண்ணே?"

"கெடையாதுடா. டவுன் பஸ்சுதான்."

கொஞ்ச நேரம் யோசித்தான். "ஜன்னலோர சீட்டு எனக்கு" என்றான்.