சின்னத் தப்புதானே?

பணி ஓய்வுக்குப் பிறகு பைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறேன். எழுத்தைக் கொடுத்தால் அதன் யூனிகோடு பெயரைச் சொல்லும் கட்டளை ஒன்று அதில் உண்டு. போன வாரம் நம் ஃ-ஐக் கொடுத்துப் பார்த்தேன். ‘தமிழ் சைன் விசர்கா’ என்றது.

விசர்க்கமா? அது வடமொழியில் முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் குறி. ஆய்தம் அப்படியல்ல. தொல்காப்பியமே அதைச் சார்பெழுத்து மூன்றில் ஒன்றாக வைக்கிறது. அரக்கோணத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் ‘அக்கு’ என்று சொல்லும்.

சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கும் அக்கா மகனிடம் சொன்னேன். “சின்னத் தப்புதானே மாமா, புரோகிராம் ஓடுதுல்ல?” என்றான்.

ரயில்வேயில் இருந்தவனிடம் சொல்லக்கூடிய பேச்சா இது? எங்கள் விதிப்புத்தகத்தில் ஒரு வார்த்தை மாறினாலும் கரெக்‌ஷன் ஸ்லிப் வரும். வெட்டி, உரிய பக்கத்தில் ஒட்டுவோம். “வண்டிதான் ஓடுதே” என்று யாரும் விட்டதில்லை. ஏனென்றால் அந்த வரியை நம்பி வேலை செய்யப்போகிறவன் அடுத்த ஆள். தமிழ் தெரியாத ஒருவன் ‘விசர்கா’ என்று படித்தால், ஃ-ஐயும் ஒட்டுக்குறி என்றுதானே நினைப்பான்?

ஒருமுறை வைத்த பெயரை மாற்றுவதில்லை என்பது 1996-இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து யூனிகோடின் விதி. பழைய நிரல்கள் அந்தப் பெயரை நம்பி இருக்கின்றன, நியாயம்தான். ஆனால் மாற்றாமலே திருத்த வழி இருக்கிறது. பழங்கன்னட ழகரத்துக்கு ‘ஃபா’ என்று தவறாகப் பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் இன்றும் அப்படியே இருக்கிறது. பக்கத்திலேயே திருத்தப்பெயரும் முறைப்படி ஏறியிருக்கிறது. பைத்தானும் 3.3 பதிப்பு முதல் அதை ஏற்றுக்கொள்கிறது. இது கரெக்‌ஷன் ஸ்லிப் இல்லாமல் வேறென்ன? நம் ஃ-க்கோ யூனிகோடு அட்டவணையில் ‘ஆய்தம்’ என்று வெறும் குறிப்புதான். அது பைத்தானுக்கு எட்டுவதில்லை.

கணினி அறிஞர் டொனால்ட் குனுத், தம் புத்தகத்தில் அச்சுப்பிழையை முதலில் காட்டியவருக்குக்கூட 2.56 டாலர் காசோலை அனுப்பினார். நாமோ மேடையில் தமிழுக்கு உயிரையே கொடுக்கிறோம். ஒரு வரித் திருத்தம் எழுதச் சொன்னால் நேரமில்லை.

மருமகனை உட்காரவைத்து ஆவணத்துக்கு ஒரு வரி எழுதச் சொல்லியிருக்கிறேன்: ‘இங்கே விசர்கா என வருவது ஆய்த எழுத்து.’ ஏற்றுக்கொண்டால் நல்லது. மறுத்தால், காரணத்தையாவது எழுத்தில் தரட்டும்.