மூடி விஷயம்

மோட்டார் படகுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காலில் ரெண்டு பலகையோடு தண்ணீர் மேல் சறுக்கிக்கொண்டே போவார்களே, வாட்டர் ஸ்கீயிங், அதைத் தொடங்கி வைத்தவர் பதினெட்டு வயசுப் பையன். பெயர் ரால்ஃப் சாமுவேல்சன். வருஷம் 1922. இடம் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பெப்பின் ஏரி. முதலில் பீப்பாய்ப் பலகையைக் காலில் கட்டிப் பார்த்தார், முழுகினார். பனிச்சறுக்குக் கட்டையைக் கட்டினார்; மறுபடி முழுகினார். கடைசியில் எட்டடி பைன் பலகை ரெண்டு வாங்கி, முனையை அம்மாவின் செப்புப் பாத்திரத்தில் வேகவைத்து வளைத்தார். நின்றது! (அந்த அம்மா அப்புறம் அதில் என்ன சமைத்தாரோ!)

அதே மின்னசோட்டாவில்தான் என் அக்கா குடியிருக்கிறாள். பத்து ஏக்கருக்குக் குறையாத ஏரிகளே அங்கே 11,842 இருக்கின்றன. இவ்வளவு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் அத்தான் செகண்ட் ஹாண்டில் ஒரு ஸ்கீ போட் வாங்கிவிட்டார். நான் போன கோடையில் அங்கே இருந்தேன். ஏரிக்குப் போனது நாலு நாள். மீதி நாளெல்லாம் ஷெட்டில், அந்த போட்டின் என்ஜின் மூடியோடு.

சாதா மோட்டார் போட்டில் என்ஜின் பின்பக்கம் இருக்கும். ஸ்கீ போட்டின் பழைய பாணி வேறு. கார் என்ஜின் மாதிரி ஒரு பெரிய வி8-ஐப் படகின் நட்ட நடுவில் உட்கார்த்திவிடுகிறார்கள். எடை நடுவில் இருந்தால் பின்னால் எழும்பும் அலை சின்னதாக இருக்கும், சறுக்குகிறவர் தடுக்கி விழமாட்டார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கூடத்துக்கு நடுவில் கிரைண்டர் மாதிரி என்ஜின்! அதன் மேல் கவிழ்த்த பெட்டி மாதிரி ஒரு ஃபைபர் கிளாஸ் மூடி. அதன் மேல் மெத்தை தைத்து, ஜனங்கள் உட்காருகிறார்கள். என் அக்கா பெண்ணுக்கு ஏழு வயசு. அவளுக்கு அதுதான் சிம்மாசனம். அவளுக்கும் சுற்றுகிற பெல்ட்டுக்கும் நடுவே இருப்பது அந்த மூடி ஒன்றுதான்.

மூடியைப் பிடித்திருப்பவை மூன்று: ஒரு பக்கம் கீல், எதிர்ப்பக்கம் தாழ்ப்பாள், தூக்கினால் நிற்பதற்கு ரெண்டு கேஸ் ஸ்ட்ரட். அத்தான் படகில் மூன்றும் அவுட். பழைய சொந்தக்காரர் தூக்கின மூடிக்கு ஒரு துடுப்பை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். இனாமாக அதையும் சேர்த்து விற்றிருக்கிறார்.

"மாப்ளே, கொஞ்சம் டார்ச் அடி" என்று அத்தான் தலையை உள்ளே விட்டார். துடுப்பு வழுக்கியது. அவர் தலையை எடுத்ததற்கும் மூடி விழுந்ததற்கும் நடுவே ஒரு மூச்சு நேரம்கூட இல்லை. அக்கா வாசலிலிருந்து, "என்னடா சத்தம்?" என்றாள். ரெண்டு பேரும் "ஒண்ணுமில்லை" என்றோம். அத்தான் முகத்தைப் பார்த்தால் ஒண்ணுமில்லை மாதிரி தெரியவில்லை.

இந்த ஸ்ட்ரட் உங்களுக்குத் தெரியாத சாமானே இல்லை. ஆபீசில் சுழல் நாற்காலியை உயர்த்தி வைத்துக்கொள்கிறீர்களே, அதன் தண்டுக்குள் இருக்கும் அதே சமாசாரம்தான். குழாய்க்குள் நைட்ரஜன் வாயுவை அழுத்தி அடைத்திருப்பார்கள். வாஷர் தேய்ந்தால் வாயு கசியும். உங்கள் நாற்காலி பதினொரு மணிக்கு மெல்ல இறங்குகிறதே, அந்த வியாதிதான். நாற்காலி இறங்கினால் நீங்கள் மேனேஜருக்குக் கொஞ்சம் குட்டையாகத் தெரிவீர்கள், அவ்வளவுதான். இங்கே இறங்குவது மூடி.

குழாய் மேல் 300N என்கிற மாதிரி நம்பர் அச்சடித்திருக்கும். N என்றால் நியூட்டன். பத்தால் வகுத்தால் கிலோ, ஏறக்குறைய. அதே நீளம், அதே நம்பர் வாங்க வேண்டும். "பெரிசா போட்டா இன்னும் ஸ்ட்ராங்தானே?" என்றார் அத்தான். இல்லையாம். ஓவர் பலமான ஸ்ட்ரட், மூடியிருக்கும்போதுகூட நெம்பிக்கொண்டே இருந்து கீலின் ஸ்க்ரூவைப் பிடுங்கிவிடும். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். பழசும் புதுசும் சேர்ந்தால் மூடி கோணும். மூடின நிலையில் மெல்லிய தண்டு கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும், அப்போதுதான் உள்ளே இருக்கிற எண்ணெய் வாஷரை நனைத்துக்கொண்டே இருக்கும்.

ஸ்ட்ரட் மாற்றுவது பத்து நிமிஷ வேலை. கழற்றுவதற்கு முன்னால் மூடிக்கு ஒழுங்கான முட்டு ஒன்று, அது போதும். கீல்தான் எங்களைப் படுத்தியது. ஸ்க்ரூவைத் திருகினால் திருகிக்கொண்டே இருக்கலாம். சாயங்காலம் வரை திருகினாலும் இறுகாது. ஃபைபர் கிளாஸுக்குப் பின்னால் ஸ்க்ரூ கடிப்பதற்காக ப்ளைவுட் வைத்திருப்பார்கள். ஓட்டை வழியாக வருஷக்கணக்கில் தண்ணீர் இறங்கி அது ஊறின ரஸ்க் ஆகியிருந்தது. பழைய சொந்தக்காரர் ஒவ்வொரு தடவையும் முந்தினதைவிடத் தடியான ஸ்க்ரூ போட்டுச் சமாளித்திருக்கிறார். கடனை அடைக்கப் புதுக்கடன் வாங்குகிற கணக்கு. பி.காம். படித்தவன் கண்ணுக்கு வேறெப்படித் தெரியும்!

பாட்டரி வயரைக் கழற்றிவிட்டு ஆரம்பித்தோம். ஓட்டையை டிரில்லால் அகலப்படுத்தி, வளைத்த ஆணியால் இற்றுப்போன மரத்தைச் சுரண்டினோம். ரெண்டு நாள் காயவைத்தோம். அவசரமே கூடாது, ஈர மரத்தில் எபாக்ஸி ஒட்டாது. எபாக்ஸி என்றால் நம்மூர் அரால்டைட்டுக்கு அண்ணன். ரெண்டு டப்பாவையும் கலந்து, சிலிகா தூள் சேர்த்து, பற்பசைப் பதத்தில் அடைத்தோம். ராத்திரி முழுக்க விட்டு, மறுநாள் நடுவில் புது ஓட்டை, ஸ்க்ரூவைவிட மெலிசாக. மேல் விளிம்பைக் கொஞ்சம் சரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பளபளப்புப் பூச்சு நட்சத்திரமாக விரியும். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் அடியில் துளி சீலன்ட். இது நல்ல தண்ணீர் ஏரி என்பதால் சாதாரண 304 ஸ்டெயின்லெஸ் போதும். கடல் என்றால் 316 கேட்டு வாங்க வேண்டும். ஸ்ட்ரட்டின் பிடிக்கு மட்டும் ஸ்க்ரூவே வேண்டாம் என்று துளைத்து போல்ட் விட்டு, பின்னால் அகல வாஷர், நைலாக் நட். என்ஜின் அதிர்வில் சாதா நட் கழன்று பெல்ட்டில் விழுந்தால் அது தனிக் கதை.

புதுத் தாழ்ப்பாளும் போட்டாயிற்று. இனிமேல் ஸ்டார்ட் பண்ணலாம் என்று நான் சாவியை நீட்டினேன். அத்தான் வாங்கவில்லை. ஒரு சுவிட்சைப் போட்டுவிட்டுக் கைகட்டி நின்றார். மூடிக்குள் தேங்குகிற பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், அடியில் உட்கார்ந்துகொள்ளும். ஒரு பொறி போதும். அதனால் பிளோயர் என்கிற ஃபேனை நாலு நிமிஷம் ஓடவிட்ட பிறகுதான் சாவி. இது அமெரிக்கக் கடலோரக் காவல்படை சொல்வது. நாலு நிமிஷம் எவ்வளவு நீளம் தெரியுமா? கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்று பாருங்கள்.

பழைய ஸ்ட்ரட் ரெண்டையும் நான் குப்பையில் போடப் போனேன்.

"ஏய் ஏய்... வை. எதுக்காவது ஒதவும்."

"எதுக்கு அத்தான்?"

பதில் இல்லை. அலமாரியில், காலி பெயின்ட் டப்பாக்களுக்குப் பக்கத்தில் வைத்தார். மிச்ச வாயு உள்ளே இருக்கும், அறுக்கவோ நெருப்பில் போடவோ கூடாது என்று மட்டும் எச்சரித்தார். அவர் உள்ளே போனதும் அக்கா வந்தாள். ஒட்டுத்தாளில் தமிழில் 'செத்தது' என்று எழுதி ரெண்டிலும் ஒட்டினாள்.

"இல்லேன்னா அடுத்த வருஷம் இதையே எடுத்து மாட்டுவார்டா!"