அருந்ததியும் வேண்டும், சிக்னலும் வேண்டும்!

என் கல்யாணத்தன்று பட்டப்பகலில் மண்டபத்துக்கு வெளியே நிறுத்தி, "அதோ அருந்ததி, தெரியுதாம்மா?" என்று கேட்டார் புரோகிதர். எல்லாப் பெண்களையும் போல நானும் "தெரியுது" என்று தலையாட்டி வைத்தேன். நிஜமாகவே அருந்ததியைப் பார்த்தது, முப்பது வருடம் கழித்து, ஒரு கோடை விடுமுறையில்தான்.

ஜவ்வாது மலையில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் பேத்தியுடன் போயிருந்தேன். இருட்டியதும் வாசலில் பாய் விரித்துப் படுத்தோம். எங்கள் வேலூரில் கண்ணில் படாத நட்சத்திரமெல்லாம் அங்கே வாரி இறைத்த மாதிரி இருந்தது. சப்தரிஷி மண்டலத்தில் வசிஷ்டரையும், அவரை ஒட்டினாற்போல் சின்னதாக மின்னும் அருந்ததியையும் பேத்திக்குக் காட்டிக் கொண்டிருந்தேன். திடீரென்று ரயில் பெட்டி மாதிரி வரிசையாக வெளிச்சப் புள்ளிகள் ஊர்ந்து போயின.

"பாட்டி, நட்சத்திரம் ஊர்வலம் போகுது!" என்று குதித்தாள் பேத்தி.

"அது நட்சத்திரமில்லடி, இன்டர்நெட் கொடுக்கிற சாட்டிலைட்" என்றாள் நாத்தனார்.

"வானத்தையாவது விட்டு வைக்கக் கூடாதா?" என்று நான் அலுத்துக் கொண்டதும், அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்து விட்டது.

"வீட்டுக்கு வீடு கேபிள் வெச்சிருக்கிறவங்க அப்படித்தான் பேசுவீங்க, அண்ணி. 2020-ல கொரோனா சமயத்துல, ஆன்லைன் பாடம் கேட்க என் பிள்ளைங்க பாறை மேல ஏறி உட்கார்ந்தாங்க. ராத்திரியில ஒருத்திக்குப் பிரசவ வலி எடுத்தா, 108-க்குப் போன் பண்ண இன்னமும் சிக்னல் தேடி ஓடணும்" என்றாள். நான் வாயடைத்துப் போனேன்.

ஊர் திரும்பியதும் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். ஸ்டார்லிங்க் சேவைக்காக 2019 மே மாதம் முதல் தொகுதியாக 60 சாட்டிலைட்களை அனுப்பினார்கள். இன்று மேலே சுற்றுபவை 8,000-ஐயும் தாண்டி விட்டன. நமக்கு இருட்டிய பிறகும் அவ்வளவு உயரத்தில் வெயில் அடிப்பதால்தான் அவை மின்னுகின்றன. நம் நாட்டிலும் இந்தச் சேவைக்கு 2025 ஜூனில் மத்திய அரசு உரிமம் கொடுத்தது.

அதே ஜவ்வாது மலையில்தான் காவலூர் வானாய்வகமும் இருக்கிறது. நல்ல இருட்டு வானம் வேண்டும் என்று விஞ்ஞானி வைணு பாப்பு தேடிப் பிடித்த இடம். கணித மேதை ராமானுஜன் பெயரைத் தாங்கிய குறுங்கோளை 1988-ல் அங்கேதான் கண்டுபிடித்தார்கள். வானத்தைப் படமெடுத்து, அதில் மெல்ல இடம் மாறும் புள்ளியைத் தேடித்தான் குறுங்கோள்களைப் பிடிக்கிறார்கள். அந்தப் படத்தின் குறுக்கே சாட்டிலைட்கள் கோடு கோடாக இழுத்து விட்டால், போட்ட கோலத்தின் மேல் சைக்கிள் ஓட்டின கதைதான்!

மலைப்பிள்ளைகளின் படிப்பும் முக்கியம், வானமும் முக்கியம். என் கருத்து இதுதான். டவரும் கேபிளும் எட்டாத மலைக்கும் தீவுக்கும் இந்த வசதி முதலில் போகட்டும், அவர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில். ஏற்கெனவே வசதி உள்ள நம்மைப் போன்ற நகரவாசிகளின் கூடுதல் வேகத்துக்காக இன்னும் ஆயிரக்கணக்கில் ஏவ வேண்டியதில்லை. சாட்டிலைட்டுக்குக் கறுப்புப் பூச்சும், வெயில் மறைப்பும் வைத்து மினுமினுப்பைக் குறைக்க முடியும் என்று 2020-லேயே அந்த நிறுவனம் செய்து பார்த்திருக்கிறது. அதை உரிமத்திலேயே நிபந்தனையாகப் போடலாமே!

நம் பங்கும் ஒன்று உண்டு தோழிகளே. வேலூரில் நட்சத்திரத்தை மறைத்தது சாட்டிலைட் அல்ல, நாம் விடிய விடிய எரிய விடும் விளக்குகள்தான். இப்போதெல்லாம் பத்து மணிக்கு மேல் எங்கள் மொட்டை மாடி விளக்கை அணைத்து விடுகிறேன்.

பாறை மேல் ஏறிய பிள்ளைகள் இறங்கி வரட்டும். அவர்கள் அண்ணாந்து பார்க்க அருந்ததியும் இருக்கட்டும். உரிமம் கொடுப்பவர்கள் யோசிப்பார்களா?

– ஒரு வாசகி, வேலூர்.